பச்சைப் பொத்தான்

பெயர் சொல்லிக் கூப்பிட்டது யார் என்று கஸ்தூரிக்கு முதலில் புரியவில்லை.

ஸ்டவ்வுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். மண்ணெண்ணெய் நெடியும், ஐப்பசி மழையில் ஊறிக் கிடந்த வட ஒத்தவாடைத் தெருவின் சாணி வாசனையும், ஈரம் காயாத சுவரின் பூஞ்சை மணமும் ஒன்றாகக் கலந்து சமையலறையில் தேங்கி நின்ற சாயங்கால வேளை. கூடத்திலிருந்து, "கஸ்தூரி" என்று ஒரு குரல் வந்தது. ஆண் குரல். அத்தனை இதமான குரல். கூடத்தில் அவள் கணவன் தசரதனைத் தவிர வேறு யாரும் இல்லை.

கல்யாணமான பதினான்கு வருஷத்தில் தசரதன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "இந்தாமே" என்பான். கோபம் வந்தால் "ஏய்" என்பான். மனசு நிறைந்திருந்தால் அதுவும் கிடையாது. தொண்டையைச் செருமுவான், அவள் எட்டிப் பார்ப்பாள். அந்தத் தெருவில் எந்த ஆம்பளையும் பெண்டாட்டியைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அழைத்தால் அடுத்த வீட்டு ஜோதியம்மாள் ஒரு மாசத்துக்குச் சிரிப்பாள்.

கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். நாற்காலியில் தசரதன் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் கறுப்புப் பட்டை. அதிலிருந்து இறங்கிய ஒயர் சட்டைப் பையிலிருந்த சின்னப் பெட்டிக்குள் போயிற்று.

"கூப்ட்டீங்களா?"

"ஆமா கஸ்தூரி. சும்மாதான். உன்னப் பாக்கணும்போல இருந்துச்சு."

பெட்டிதான் பேசியது. அதில் ஆச்சரியம் இல்லை. நாலு மாசமாக அவனுக்கு அதுதான் தொண்டை. ஆனால், ஒரு வருஷம் அவனுடைய ஊமை உதடுகளைப் படித்தே குடித்தனம் நடத்தியவள் அவள். அவன் உதடு அசைந்தது ஒரே ஒரு தரம். தண்ணி. அவ்வளவுதான். தண்ணி என்று கேட்டான். அதற்கு இவ்வளவு நீளமான வாக்கியம் எப்படி வந்தது?

அவனும் குனிந்து தன் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்தவன் பேசக் கேட்டவனைப் போல.

கஸ்தூரிக்கு முகம் சிவந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க மறந்தே போனாள்.

*

தசரதன் சவுண்ட் சர்வீஸ் என்றால் திருவண்ணாமலையில் தெரியாதவர்கள் இல்லை. கல்யாணம், காது குத்தல், தேர்தல், தீபத் திருவிழா, எதுவானாலும் அவன் மைக் செட்தான். மைக்கில் அவன் பேசினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. உயிரைக் காப்பாற்ற டாக்டர்கள் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு ஓட்டை. அதன் வழியாகத்தான் மூச்சு. அதை மூட ஒரு மெல்லிய வெள்ளைத் துணி. மூச்சு விடும்போதெல்லாம் அந்தத் துணி உப்பி அடங்கும். கட்டிலில் பக்கத்தில் படுத்து அந்தத் துணியைப் பார்த்தபடியே எத்தனையோ இரவுகளைக் கழித்திருக்கிறாள் கஸ்தூரி. அது அசைகிற வரைக்கும் தன் தாலி தன் கழுத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

பெட்டியைக் கொண்டுவந்தது தசரதனின் தம்பி சக்கரவர்த்தி. பெங்களூரில் ஏதோ ஆராய்ச்சிக் கம்பெனியில் எஞ்சினீயர். ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினான். அண்ணனின் பழைய கேசட்டுகளை எல்லாம் பெட்டிக்குப் போட்டுக் காட்டிக் குரலைப் பழக்கியிருந்தான். பட்டை நழுவாமலிருக்கக் கழுத்துத் தோலுக்கடியில் இரண்டு மெல்லிய கம்பிகளை, தனக்குத் தெரிந்த டாக்டரை வைத்து, முன்னமேயே செருகியாகிவிட்டது.

"மத்த மெஷின் மாதிரி இல்ல அண்ணி இது. இதுக்கு ஒரு மூளை இருக்கு. அண்ணன் தொண்டை தசை எப்படி அசையுதுனு பாத்துப் பாத்துத் தானா கத்துக்கும். இன்னும் கொஞ்ச வருஷம் போனா எல்லார் உடம்புலயும் இப்படி ஒண்ணு இருக்கும். மனுஷன் பாதி, மெஷின் பாதி."

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த நாத்தனார் ரேணுகாம்பாள் வெற்றிலையை மென்றபடி கேட்டாள்: "எந்தப் பாதிடா சோறு துன்னும்? அதச் சொல்லு, அந்தப் பாதிக்கு மட்டும் ஒலை வெக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். தசரதனும் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தான்.

பெட்டியில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. பச்சை, சிவப்பு. "அண்ணன் சொல்ல வந்ததே வெளிய வந்துச்சுனா பச்சைய அழுத்தணும். தப்பா வந்துச்சுனா செவப்பு. அப்படித்தான் அது கத்துக்கும்" என்றான் சக்கரவர்த்தி. தசரதனுக்குப் பொறுமை கிடையாது. ரெண்டு நாள் அழுத்திப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கழற்றி அவள் மடியில் போட்டான். 'நீயே அழுத்துமே' என்றது அவன் உதடு.

முதலில் அவள் ஒழுங்காகத்தான் அழுத்தினாள். 'மோர்' என்று அவன் உதடசைத்து 'மேளம்' என்று வந்தால் சிவப்பு. சரியாக வந்தால் பச்சை. பிறகு ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டில், 'ரசத்துல உப்பு ஜாஸ்தி' என்று அவன் உதடு முணுமுணுக்க, பெட்டி "ரசம் நல்லாருக்கு" என்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளையாட்டாகப் பச்சையை அழுத்தினாள். அவன் செல்லமாக அவள் தலையில் குட்டினான். மறுநாளும் ரசம் நல்லாருந்தது. அதற்கு மறுநாள் புடவை நல்லாருந்தது.

ஆவணியில் ஒரு மத்தியானம், எதிர்வீட்டு வளைகாப்புக்கு இவளை அழைக்காமல் விட்டுவிட்டார்கள். பிள்ளை இல்லாதவளை யார் அழைப்பார்கள்? திரும்பிப் படுத்து அழுதுகொண்டிருந்தாள். தசரதன் அவள் முதுகில் கை வைத்தான். அவன் உதட்டை அவள் பார்க்கவில்லை. "கொழந்தை இல்லன்னா இன்னா? நீதான் எனக்குக் கொழந்தை" என்றது குரல்.

பதினான்கு வருஷமாக அவள் கேட்கத் தவித்த வார்த்தை அது. விரல் நுனி வலிக்கும் வரைக்கும் பச்சையை அழுத்தினாள்.

*

'கஸ்தூரி' என்று கூப்பிட்ட அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவள் உதடுகளைக் கவனிக்க ஆரம்பித்தாள்.

கவனித்தபின் சமையல் கூட ஓடவில்லை. ஜோதியம்மாள் கீரை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றால், "உக்காருங்கக்கா, காபி குடிச்சிட்டுப் போங்க" என்று உபசரித்தது குரல். அப்போது தசரதனின் உதடுகள் மூடியே இருந்தன. மைக் செட் வாடகைக்கு வந்தவர்களிடம் குரல் நயமாகப் பேசியது, ஜோக் அடித்தது, பாதியில் நிறுத்திச் சிரித்தது. சிரிக்கும்போது அவன் தோள் குலுங்கவில்லை.

"உன் ஊட்டுக்காரரு முன்ன மாதிரி இல்லடி. எவ்ளோ பதமா பேசறாரு! குடுத்து வச்சவ நீ" என்றாள் ஜோதியம்மாள்.

அன்று குளிக்க வைக்கும்போது தசரதன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். வலிக்கிற பிடி. அவள் விரல்களை இழுத்துப் பட்டையின் ஓரமாக, காதுக்குக் கீழே வைத்து அழுத்தினான். அங்கே புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ உருண்டது. கெட்டியாக. சூடாக.

"ஐயோ, இது இன்னாங்க? வலிக்குதா?"

அவன் கண்ணில் நீர் நிறைந்தது. ஆமாம் என்று தலையாட்டப் போனான். ஆட்ட முடியவில்லை, கழுத்து அப்படியே நின்றுவிட்டது.

"வலியா? எனக்கா?" என்றது குரல், சிரித்துக்கொண்டே. "கை சும்மா இருக்க மாட்டேங்குது கஸ்தூரி. நீ பக்கத்துல இருந்தா அப்படித்தான்."

அவள் கையிலிருந்த சொம்பு நழுவிக் குளியலறைத் தரையில் உருண்டது.

மறுநாளே குதிரை வண்டி பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். வயசான, நல்ல மனுஷர். பட்டையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தார்.

"பட்டை உரசிக் கொஞ்சம் வீங்கியிருக்கு. வலி இருக்காப்பா?"

"இல்லீங்க டாக்டர். நல்லாருக்கேன். இவதான் ராவெல்லாம் பயந்துட்டுக் கெடக்கறா. இவ தூங்கறதுக்கு ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க."

"அப்புறம் ஏன் கண்ணுல தண்ணி?"

"பஸ் ஸ்டாண்டு பொகை டாக்டர்."

டாக்டர் சிரித்தார். கஸ்தூரி, "சார், அது அவரு பேசலீங்க, பொட்டி பேசுது" என்றாள். சொல்லும்போதே அது எப்படிப்பட்ட பேச்சு என்று அவளுக்குத் தெரிந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். பரிவாக அவளைப் பார்த்தார். அவளுக்கு மாத்திரை எழுதினார்.

திரும்பி வரும் வழியெல்லாம் தசரதனின் கை அவள் முழங்கையைக் கிள்ளிக்கொண்டே வந்தது. வண்டிச் சக்கரத்தின் சத்தத்துக்கு நடுவே அந்தக் குரல், மலையைப் பார், மேகத்தைப் பார், எவ்வளவு அழகு கஸ்தூரி என்று பேசிக்கொண்டே வந்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவன் மனசில் இருப்பதைச் சொல்ல அது கற்றுக்கொள்ளவில்லை. அவள் கேட்க ஆசைப்படுவதைச் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறது. அவள்தான் கற்றுக்கொடுத்தாள். நோய் திரும்பி வந்திருந்தாலும், உயிரே போனாலும், அவள் காதில் விழப்போவது, 'ஒண்ணும் இல்ல கஸ்தூரி' என்பதுதான்.

வீட்டுக்கு வந்ததும் சிவப்பை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"கோவமா? அழுத்து கஸ்தூரி. உன் மனசு ஆறுற வரைக்கும் அழுத்து."

ஒயரைப் பிடுங்கினாள்.

குரல் நின்றது. கூடவே கழுத்துத் துணியும் நின்றது. தசரதனின் முகம் கறுத்தது, விரல்கள் நாற்காலிக் கையைப் பிறாண்டின, கால் உதைத்தது. அலறிக்கொண்டு ஒயரைத் திரும்பச் செருகினாள். துணி மெல்ல உப்பியது.

"பயந்துட்டியா?" என்றது குரல்.

*

தபாலாபீசில் டிரங்க் கால் கிடைக்க அரை நாள் ஆயிற்று. போனில் பெங்களூர் இரைந்தது.

"தம்பி, அந்தக் கம்பி எவ்ளோ நீளம் வெச்சீங்க?"

"ரெண்டு இஞ்சு அண்ணி. ஏன்?"

"அது கையில எறங்கியிருக்குது தம்பி. தோலுக்கடியில. கறுப்பு நூலு மாதிரி. முழங்கை வரைக்கும் வந்துடுச்சு."

 

"அப்படி இருக்க முடியாது அண்ணி" என்றான் சக்கரவர்த்தி. குரல் மாறியிருந்தது. "தீபத்தன்னிக்கு வரேன். டாக்டரையும் கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் நீங்க அதுகூட பேசாதீங்க."

அண்ணன்கூட என்று அவன் சொல்லவில்லை. அதை அவள் கவனித்தாள்.

அன்று முதல் அவள் வீட்டில் வாய் திறக்கவில்லை. பரணிலிருந்து பழைய சிலேட்டை எடுத்துத் துடைத்து அவன் மடியில் வைத்தாள். தசரதன் பலப்பத்தைப் பிடித்தான். வ என்று எழுதினான். அடுத்த எழுத்துக்குப் போன கை நடுங்கியது. மணிக்கட்டில், தோலுக்கடியில், அந்தக் கறுப்பு நூல் துடித்தது. பலப்பம் நேர்க்கோடாகச் சிலேட்டின் ஓரம் வரைக்கும் போய், கீழே விழுந்து உடைந்தது.

"சிலேட்டு எதுக்கு? நான்தான் பேசறனே."

தசரதன் அவளைப் பார்த்தான். கண்கள் மட்டும்தான் இப்போது அவனுடையவை. அவளும் பார்த்தாள். நாத்தனார் வரட்டும், கொழுந்தன் வரட்டும், இன்னும் நாலே நாள், பொறுத்துக்குங்க, எனக்காகப் பொறுத்துக்குங்க என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அவன் கண்ணை மூடித் திறந்தான்.

வீக்கம் எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தது. அவனால் கஞ்சி விழுங்க முடியவில்லை. குரல் மட்டும் நாளுக்கு நாள் தெளிவாகிக்கொண்டே வந்தது.

*

தீபத்தன்று காலையிலேயே ஊர் நிரம்பிவிட்டது. கற்பூரப் புகை, மாட்டுச் சந்தையின் தூசி, ஈர வேட்டிகள், பொரி உருண்டைப் பாகு, லட்சம் கால்கள் மிதித்த சேறு. பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். சக்கரவர்த்தி நடந்துதான் வர வேண்டும். வருவான். மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மலையுச்சி நேராகத் தெரியும் என்பதால் ரேணுகாம்பாள் குடும்பத்தோடு வந்திருந்தாள். ஜோதியம்மாள் வீட்டாரும் வந்துவிட்டார்கள். தசரதனை நாற்காலியோடு தூக்கி மாடியில் வைத்தார்கள்.

கஸ்தூரி காலடியில் உட்கார்ந்துகொண்டாள். அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். காய்ச்சலில் கொதித்தது.

"அண்ணி, அவருக்கு ரொம்ப முடியல" என்று நாத்தனாரின் காதில் சொன்னாள். "தம்பி எங்கன்னு யாரையாவது பாத்துட்டு வரச் சொல்லுங்க."

"எங்கமே முடியல? கலகலன்னு பேசிக்கினு கீறான்."

உண்மைதான். குரல் ஒருவரையும் விடவில்லை. அக்கா, மாமாவுக்கு மூட்டு வலி எப்படி? கடலை மகசூல் எப்படி? ஜோதியக்கா, அந்தத் தலையாணிய எடுத்துப் போட்டு உக்காருங்க.

வெளிச்சம் மங்கியது. மலை நீலமாகி, பிறகு கறுத்தது. தெருவில், மாடிகளில், மரக்கிளைகளில், எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. சத்தம் மெல்ல மெல்ல வடிந்தது. இவ்வளவு ஜனத்தின் மௌனம் காதை அடைத்தது. மாடியில் எல்லோரும் கை கூப்பி எழுந்து நின்றார்கள்.

கஸ்தூரி மட்டும் மலையைப் பார்க்கவில்லை.

வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பியது. அடங்கியது. உப்பியது. அவள் பிடித்திருந்த விரல்கள் ஒரு தரம் இறுகின. தன் பலத்தையெல்லாம் சேர்த்து இறுக்கிய பிடி. அவன் பிடி. பிறகு தளர்ந்தது.

துணி அடங்கியது.

உப்பவில்லை.

காத்திருந்தாள். இதோ. இப்போது. இதோ.

காற்று இல்லை. துணி தொங்கியது. அவன் கண்கள் திறந்திருந்தன. ஒரு கொசு வந்து இமையோரத்தில் உட்கார்ந்தது. இமை அசையவில்லை.

கீழே கோயிலில் வேட்டுச் சத்தம். மலையுச்சியில் தீ எழுந்தது.

"அண்ணாமலையாருக்கு அரோகரா!"

ஊரே அலறியது. மாடி அலறியது. அவள் தலைக்கு மேலே, அவன் சட்டைப் பையிலிருந்து, எல்லோரையும் விடக் கணீரென்று, "அரோகரா!" என்றது குரல்.

"அண்ணி!" கஸ்தூரி கத்தினாள். "மூச்சு இல்ல அண்ணி! அவரு போயிட்டாரு! பாருங்க, தொட்டுப் பாருங்க!"

ரேணுகாம்பாள் திரும்பினாள். ஜோதியம்மாளும் திரும்பினாள். இருட்டில், நாற்காலியில், தசரதன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"ஒண்ணுமில்லக்கா" என்றது குரல். "வருஷா வருஷம் தீபம் பாத்தா இவளுக்கு இப்படித்தான் அழுவ வந்துடும். ராவெல்லாம் தூங்கறதில்ல. டாக்டரு மாத்திரை குடுத்திருக்காரு."

"பாவம்" என்றாள் ஜோதியம்மாள்.

"அது அவரு இல்ல! ஐயோ, அது அவரு இல்ல!"

"அழுவாத கஸ்தூரி. நான் எங்க போவப் போறேன்? உன்ன வுட்டு எங்கயும் போவ மாட்டேன்."

ரேணுகாம்பாள் மூக்கை உறிஞ்சினாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "எந்தப் புருஷன்டி இப்படிச் சொல்லுவான்" என்று சொல்லிவிட்டு மலைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள்.

கஸ்தூரி தன் கைகளை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள்.

அவள் உள்ளங்கைக்குள் இருந்த அந்தக் கையில் சூடு இறங்கிக்கொண்டிருந்தது. தோலுக்கடியில் ஏதோ ஊர்ந்தது. மணிக்கட்டைத் தாண்டியது. விரல்களுக்குள் புகுந்தது. ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், விரல்கள் மடங்கி அவள் கையைப் பற்றிக்கொண்டன.

பிறகு கட்டைவிரல் மட்டும் அசைந்தது. அவள் புறங்கையை வருடிக் கொடுத்தது. மெதுவாக. ஆசையாக. தசரதன் ஒருநாளும் வருடாத விதத்தில்.